கூம்பை விரித்தால் விசிறி

பிறந்தநாள் தொப்பி ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின்னோ பசையோ இருக்கும். மெதுவாகக் கழற்றி, தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் அது சுருக்கமே இல்லாமல் தட்டையாக விரியும். வருவது முக்கோணம் அல்ல, ஒரு விசிறி. இரண்டு பக்கம் நேர்கோடு, கீழ்ப்பக்கம் மட்டும் வளைவு. வட்டத் தோசையில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை ஒரு துண்டு வெட்டி எடுத்ததைப் போல இருக்கும்.

இந்த விசிறியை அளவோடு வரையத் தெரிந்துவிட்டால் தொப்பி, புனல், விளக்குக்கு மூடி, காகிதக் கப், குழந்தைக்கு அம்பர்லா பாவாடை என்று பலதும் செய்துவிடலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான். பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் கூம்பைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் கத்தரிக்கோலும் அட்டையுமாக உட்கார்ந்து ஒன்றைச் செய்து பார்க்கும்போதுதான் அந்தச் சூத்திரம் எதற்காக அப்படி இருக்கிறது என்பது புரிகிறது.

போன வருடம் பள்ளி நாடகத்துக்கு மந்திரவாதித் தொப்பி வேண்டும் என்று என் மகள் தானே உட்கார்ந்து ஒன்று செய்தாள். சார்ட் அட்டையில் பெரிய முக்கோணம் வரைந்து, வெட்டி, சுருட்டி ஒட்டினாள். ஒட்டிய பக்கம் வால் மாதிரி கீழே தொங்கியது. எதிர்ப்பக்கம் நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. "நேராத்தானே வெட்டினேன், ஏன்ப்பா கோணலா வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தொப்பியைப் பிரித்து ஸ்கேல் வைத்து அளந்தோம். முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிக்கோட்டின் நடுவுக்கு 25 செ.மீ. அதே உச்சியிலிருந்து ஓரத்து மூலைக்கு 33 செ.மீ. அந்த 8 செ.மீ. வித்தியாசம்தான் வாலாகத் தொங்கியது.

கூம்பின் ரகசியம் முழுவதும் இதில் இருக்கிறது. நேராக நிற்கும் ஒரு கூம்பில், உச்சியிலிருந்து கீழ் விளிம்பின் எந்த இடத்துக்கு அளந்தாலும் தூரம் ஒன்றுதான். முன்பக்கம், பின்பக்கம், ஒட்டிய பக்கம் எல்லாம் ஒரே நீளம். தாளை விரித்தாலும் இந்த நீளம் மாறாது, ஏனென்றால் நாம் தாளை இழுக்கவோ சுருக்கவோ இல்லை. அப்படியானால் விரித்த தாளில் விளிம்பின் எல்லாப் புள்ளிகளும் உச்சியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் வருவது வட்டம். அதனால்தான் அடிப்பக்கம் நேர்கோடாக இருக்க முடியாது, வளைந்தே ஆக வேண்டும்.

அந்தச் சம தூரத்துக்குப் பெயர் சாயுயரம். கூம்பின் பக்கவாட்டில், சரிவின்மீது ஸ்கேலைச் சாய்த்து வைத்து அளக்கும் நீளம் அது. நேர் உயரம் வேறு; அது கூம்பின் உள்ளே, உச்சியிலிருந்து அடி வட்டத்தின் நடுவுக்குத் தொங்கும் நூலின் நீளம். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். எவ்வளவு உயரத் தொப்பி வேண்டுமோ அதையே காம்பஸில் எடுத்து வளைவு போட்டுவிடுகிறார்கள். விசிறியின் ஆரம் சாயுயரம்தான். நேர் உயரமும் அல்ல, அடி வட்டத்தின் ஆரமும் அல்ல.

சாயுயரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கூம்பை நடுவே நேராகப் பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ஒரு செங்கோண முக்கோணம் தெரியும். நேர் உயரம் ஒரு பக்கம், அடி ஆரம் ஒரு பக்கம், சாயுயரம் கர்ணம். பித்தாகரஸ் தேற்றப்படி இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதும். வர்க்கமூலம் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தாளின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, ஒரு ஓரத்தில் உயரத்தையும் மறு ஓரத்தில் அடி ஆரத்தையும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். வரும் நீளம்தான் சாயுயரம்.

சரி, ஆரம் தெரிந்துவிட்டது. விசிறியை எவ்வளவு அகலமாக விரிப்பது?

இதற்கு இரண்டாவது உண்மை ஒன்று போதும். விசிறியின் வளைவுதான் சுருட்டியபின் கூம்பின் அடி விளிம்பாகிறது. ஆகவே வளைவின் நீளம், அடி வட்டத்தின் சுற்றளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். மகளின் தொப்பிக்கு அடி விட்டம் 14 செ.மீ., அதாவது ஆரம் 7 செ.மீ. என்று முடிவு செய்தோம். உயரம் 24 செ.மீ. 7-இன் வர்க்கம் 49, 24-இன் வர்க்கம் 576, கூட்டினால் 625. சாயுயரம் 25 செ.மீ. அடிச் சுற்றளவு, பையை 22/7 என்று வைத்துக்கொண்டால், 44 செ.மீ.

25 செ.மீ. ஆரத்தில் முழு வட்டம் போட்டால் அதன் சுற்றளவு சுமார் 157 செ.மீ. நமக்கு வேண்டியது அதில் 44 மட்டும். முழு வட்டத்துக்கு 360 பாகை என்றால், 157-இல் 44 பங்குக்கு எவ்வளவு? 360-ஐ 44-ஆல் பெருக்கி 157-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 101 பாகை. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 44-இலும் 157-இலும் பை இருக்கிறது, 2 இருக்கிறது. இரண்டும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது 7-உம் 25-உம் மட்டுமே.

விசிறியின் கோணம் = 360 × அடி ஆரம் ÷ சாயுயரம்

360 × 7 ÷ 25 = 100.8 பாகை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தால் போதும், எந்த அளவுக் கூம்பையும் வரைந்துவிடலாம். கோணமானியில் 0.8 பாகை பார்க்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். 25 செ.மீ. ஆரத்தில் ஒரு பாகை என்பது வளைவில் அரை செ.மீ.-க்கும் குறைவு. 101 என்று எடுத்துக்கொண்டால் வரும் பிழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

வரையும்போது முதலில் வரும் தொல்லை காம்பஸ். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் 25 செ.மீ. வரை விரியாது. நூலில் பென்சிலைக் கட்டிச் சுற்றலாம்தான். ஆனால் நூல் இழுபடும், பென்சில் சாயும், வளைவு அங்கங்கே நெளியும். அதைவிட ஒரு நீள அட்டைப் பட்டையை எடுத்து, 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் குண்டூசி, மற்றொன்றில் பென்சில் முனை. ஊசியை அட்டையில் குத்திப் பட்டையைச் சுழற்றினால் நேர்த்தியான வளைவு வரும். அப்புறம் ஊசித் துளையிலிருந்து ஒரு கோடு, 101 பாகை தள்ளி இன்னொரு கோடு. வெட்டுவதற்கு முன் ஒரு பக்க நேர்கோட்டுக்கு வெளியே ஒட்டுவதற்காக ஒன்றரை செ.மீ. பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். கோணத்துக்குள் இருந்து எடுத்தால் தொப்பி சிறுத்துவிடும்.

வெட்டியதும் உடனே சுருட்டாதீர்கள். தடித்த அட்டை மடிப்பு விழுந்து உடையும். மேசை விளிம்பின்மேல் அட்டையை வைத்து, உச்சியை ஒரு கையால் பிடித்து, லேசாக அழுத்தியபடி இரண்டு மூன்று முறை கீழ்நோக்கி இழுங்கள். அட்டை தானாகச் சுருள ஆரம்பிக்கும். உச்சியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளி வெட்டிவிட்டால் முனை கசங்காமல் சேரும்.

கோணமானி கையில் இல்லையென்றால்? தையல் டேப்பை நிமிர்த்தி, வளைவின் மீதே வளைத்து 44 செ.மீ. குறித்துவிடலாம், அவ்வளவுதான். தகர வேலையில் நெடுங்காலமாகச் செய்யும் முறை இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அடி வட்டத்தை உண்மையான அளவில் தனியாக வரைந்து, அதைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிப்பார்கள். அடி ஆரத்தையே காம்பஸில் எடுத்து வட்டத்தின்மேல் நடந்தால் ஆறு பாகம் வரும், ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. அந்த ஒரு பாகத்தின் அகலத்தைக் காம்பஸில் பிடித்துக்கொண்டு பெரிய வளைவின்மேல் பன்னிரண்டு எட்டு வைத்தால் விசிறி தயார். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஆனால் காம்பஸ் அளப்பது வளைவை அல்ல, இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நேர்தூரத்தை. அதனால் சிறிது குறையும். நம் தொப்பியில் 44-க்குப் பதில் 43.5 செ.மீ. வரும். தொப்பிக்கு இது ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒழுகாமல் பொருந்த வேண்டிய புனல் என்றால் 24 பாகமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அப்போது குறைவது ஒரு மில்லிமீட்டர் அளவே.

சில கோணங்கள் அளக்காமலே கிடைப்பவை. சார்ட் அட்டையின் மூலை எப்போதும் 90 பாகை. மூலையில் ஊசியைக் குத்தி வளைவு போட்டால் கால் வட்டம். அடி ஆரம் சாயுயரத்தில் கால் பங்கு. 25 செ.மீ. பட்டையோடு மூலையில் வரைந்தால் அடி ஆரம் 6.25 செ.மீ. கொண்ட தொப்பி வந்துவிடும், சிறு குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். இருபது முப்பது தொப்பி செய்ய வேண்டிய நாளில் இதுதான் வேகமான வழி. அட்டையின் நேர் ஓரத்தில் அரை வட்டம் போட்டால் அடி ஆரம் சாயுயரத்தில் பாதி.

அரை வட்டக் கூம்புக்கு ஒரு தனி அழகு உண்டு. அடி விட்டமும் சாயுயரமும் சமம் என்பதால் பக்கவாட்டில் பார்த்தால் சமபக்க முக்கோணமாகத் தெரியும், உச்சிக் கோணம் 60 பாகை. வேதியியல் ஆய்வகத்தில் வடிதாளை மடித்தது ஞாபகம் இருக்கிறதா? வட்டத் தாளைப் பாதியாக மடித்து, மீண்டும் பாதியாக மடித்து, ஒரு பக்கம் மூன்று அடுக்கு, மறுபக்கம் ஓர் அடுக்கு என்று பிரித்தால் கூம்பு வரும். அந்தக் கூம்பின் வாயைச் சுற்றி வருவது வட்டத்தின் பாதிதான், மீதிப் பாதி அடுக்காக மடிந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக அதுவும் அரை வட்டக் கூம்பு, 60 பாகை. ஆய்வகப் புனல்களை 60 பாகைச் சரிவில் செய்வது வழக்கம் என்பதால், மடித்த தாள் புனலின் சுவரோடு ஒட்டி உட்காருகிறது.

கடலைப் பொட்டலம் மடிப்பவர் கோணமானி எதுவும் வைத்திருப்பதில்லை. செய்தித்தாள் துண்டு ஒன்றை விரல்களுக்கிடையே ஒரு சுழற்று, கூம்பு தயார். அவர் செய்வதும் இதே கணக்குதான், தாளை ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று சுற்றிக்கொள்கிறார், அவ்வளவே. எவ்வளவு இறுக்கிச் சுற்றுகிறாரோ அவ்வளவுக்குக் கோணம் குறைந்து கூம்பு ஒடுங்கும். தாள் நாற்கரமாக இருப்பதால் வாய் விளிம்பு ஏறுக்கு மாறாகத்தான் இருக்கும். அந்த நீட்டிக்கொண்டிருக்கும் முனையை உள்ளே மடித்து மூடியாக்கிவிடுகிறார். மகளின் தொப்பியில் பிழையாக இருந்த வால், பொட்டலத்தில் பயனுள்ள மூடி.

தட்டையான கூம்புகளில் நேர் உயரத்தை ஆரமாக எடுக்கும் தவறு உடனே வெளிப்பட்டுவிடும். பிள்ளையார் சதுர்த்திக்குக் காகிதக் குடை செய்கிறீர்கள், அடி ஆரம் 12 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயரத்தையே ஆரமாக வைத்து வளைவு போட்டால் முழு வட்டமே 31 செ.மீ.தான், குடையின் சுற்றளவோ 75 செ.மீ. எட்டவே எட்டாது. சாயுயரம் 13 செ.மீ., கோணம் 360 × 12 ÷ 13, சுமார் 332 பாகை. அதாவது முழு வட்டம் வெட்டி, அதிலிருந்து 28 பாகைத் துண்டை மட்டும் நீக்கிச் சேர்த்தால் குடை. எப்போதாவது கணக்கில் கோணம் 360-ஐத் தாண்டினால் சாயுயரம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி நுனி வெட்டிய கூம்பு. பாடப்புத்தகம் இதை இடைக்கண்டம் என்கிறது. பக்கெட், விளக்கு மூடி, புனலின் மேல்பாகம், டீக்கடைக் காகிதக் கப் எல்லாம் இந்த இனம். ஒரு காகிதக் கப்பின் ஒட்டைப் பிரித்து விரித்தேன். நேராக நிற்கும் கப், விரித்தால் பட்டையாக வரும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். வருவது வளைந்த பட்டை, புன்னகைக்கும் உதடு போல. மேலும் வளைவு, கீழும் வளைவு.

வரைவதற்கு வழி, இல்லாத நுனியை இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான். கப்பின் வாய் ஆரம் 3.5 செ.மீ., அடி ஆரம் 2.5 செ.மீ., பக்கவாட்டுச் சரிவு 7.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.5 செ.மீ. கீழே வருவதற்குள் ஆரம் 1 செ.மீ. ஒடுங்குகிறது. இதே வேகத்தில் போனால் 3.5 செ.மீ. முழுவதும் ஒடுங்கி முனையாக 7.5 × 3.5 = 26.25 செ.மீ. ஆகும். அதுதான் முழுக் கூம்பின் சாயுயரம். கோணம் 360 × 3.5 ÷ 26.25 = 48 பாகை. 26.25 செ.மீ. ஆரத்தில் ஒரு வளைவு, அதே மையத்திலிருந்து 26.25 − 7.5 = 18.75 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வளைவு. இரண்டுக்கும் நடுவே 48 பாகைக்குள் அடைபடும் பட்டைதான் கப்.

உள்ளங்கை அளவுக் கப்புக்கு மையம் ஒரு சாணுக்கு அப்பால் போய்விட்டது, கவனித்தீர்களா? பாத்திரம் எவ்வளவு நேராக நிற்கிறதோ, அவ்வளவுக்கு மையம் தூரம் போகும். வாய் ஆரம் 15, அடி ஆரம் 12, சரிவு 30 செ.மீ. கொண்ட பக்கெட்டுக்கு மையம் ஒன்றரை மீட்டர் தள்ளி விழும். அப்போது மேசையை விட்டுவிட்டுத் தரைக்கு வந்து, நீளமான மரச்சட்டத்தை அட்டைப் பட்டைக்குப் பதிலாக வைத்துச் சுழற்ற வேண்டியதுதான். தகரத்தில் செய்யும்போது ஒட்டுப் பட்டைக்குப் பதில் மடித்துக் கோர்க்கவோ பற்றவைக்கவோ இடம் விடுவார்கள். கனமான இரும்புத் தகடு என்றால் உள்விட்டத்தையும் எடுக்காமல், வெளிவிட்டத்தையும் எடுக்காமல், தகட்டின் தடிமனுக்கு நடுவில் வரும் விட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும், நடு மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

தையல் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அம்பர்லா கட்டிங் என்பது இதுவேதான். இடுப்புச் சுற்று 22 அங்குலம் உள்ள குழந்தைக்கு அரை அம்பர்லா பாவாடை என்றால், துணியில் அரை வட்டம். அந்த அரை வட்டத்தின் உள்வளைவு 22 அங்குலம் வர வேண்டும். 22-ஐ 22/7-ஆல் வகுத்தால் 7 அங்குல ஆரம். முழு அம்பர்லா என்றால் அதில் பாதி, மூன்றரை அங்குலம். துணியை நான்காக மடித்து, மூலையிலிருந்து டேப்பைச் சுழற்றிச் சுழற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போகும் தையல்காரரின் கை, குண்டூசி குத்திய அட்டைப் பட்டை செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கூம்பு இப்படிச் சுருக்கமின்றி விரிவது எல்லா வடிவங்களுக்கும் கிடைக்காத வரம். உருளையும் விரியும், பந்து விரியாது. ஆரஞ்சுத் தோலை எவ்வளவு பொறுமையாக உரித்து அழுத்தினாலும் கிழியும். எவ்வளவு திறமையாக முயன்றாலும் கிழிந்துதான் ஆகும் என்பதற்கான கணித நிரூபணத்தை 1827-இல் ஜெர்மானியக் கணிதர் காஸ் தந்தார். உலக வரைபடம் எதுவும் முழுச் சரியாக இருக்க முடியாததற்குக் காரணம் அதுவே. 1772-இல் லாம்பெர்ட் வெளியிட்ட நிலப்பட முறை ஒன்றை, பூமியின் தலையில் ஒரு கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து, ஊர்களை அதன்மேல் ஏற்றி, தொப்பியை வெட்டி விரிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கொஞ்சம் பிழை இருக்கும், ஆனால் சிறு இடங்களின் வடிவம் கெடாது. விமானிகள் பயன்படுத்தும் வரைபடங்கள் பலவும் இன்றும் அந்த முறையில்தான் வருகின்றன.

தொப்பிக்கு அலங்காரம் செய்வதாக இருந்தால் தட்டையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், சுருட்டியபின் கை போகாது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொப்பியைச் சுற்றி ஒரே மட்டத்தில் வளையம் வேண்டுமென்றால் தாளில் நேர்கோடு போடக்கூடாது. அதே ஊசித் துளையை மையமாக வைத்துச் சின்னச் சின்ன ஆரங்களில் வளைவுகள் போட வேண்டும். மகள் அட்டைப் பட்டையில் இன்னும் நான்கு துளை போட்டாள், ஐந்து ஐந்து செ.மீ. இடைவெளியில். ஒவ்வொரு துளையிலும் பென்சிலை நுழைத்துச் சுழற்றி, வந்த நான்கு வளைவுகளின் மேலும் வெள்ளி நட்சத்திரங்களை வரிசையாக ஒட்டினாள். சுருட்டிப் பின் போட்டதும், தொப்பியை மேசைமேல் வைத்துக் குனிந்து விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் எங்கும் இடைவெளி இல்லை. நட்சத்திர வளையங்கள் நான்கும் மட்டம் பிசகாமல் நின்றன.